மூடிய அறையில் உங்கள் தங்கை சொன்னது

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு நீங்கள் கூப்பிட்டபோது, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டின் கூரைமேல் நின்று கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். "ஜெயிச்சுட்டோம் மாப்ள, ரகசிய சாட்சியம் எல்லாத்தையும் வெளியிடச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டுடுச்சு" என்றீர்கள். நான் "சரி" என்றேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. உங்கள் தங்கை போனதிலிருந்து எதற்கும் எனக்கு அந்த ஒரு சொல்தான் வருகிறது.

இடிந்து விழுந்த அந்தப் பாலம் தாங்காது என்று பொறியாளர் முன்பே எச்சரித்த தொலைபேசி அழைப்பில், அமைச்சரின் உதவியாளராகக் குறிப்பெடுத்தவள் அவள் என்பது, விசாரணைக் குழு அவளைக் கூப்பிடும்வரை எனக்கே தெரியாது. உள்ளே பேசியதை யாரிடமும், புருஷனிடம்கூட, சொல்லக் கூடாது என்று அங்கே உறுதி வாங்கிவிட்டார்கள். நான் வெளியே காரில் காத்திருப்பேன். வந்து ஏறியதும் "ராத்திரிக்கு என்ன பண்ணலாம்?" என்பாள். என்ன கேட்டார்கள் என்றால் ஜன்னல் கண்ணாடியை இறக்குவாள். அடுத்த மாதமே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

இறந்துபோன சாட்சியின் குடும்பத்துக்கு ஒரு சலுகை உண்டாம். வெளியிடுவதற்கு முன் பதிவை ஒருமுறை கேட்கலாம். சொந்த விஷயம் இருந்தால் வெட்டச் சொல்லலாம். நேற்று போனேன். ஹெட்போனைக் குமாஸ்தா துணியால் துடைத்துக் கொடுத்தார். எனக்கு முன்னால் எத்தனை காதுகள் அவளைக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

விசாரணைக் குழுவின் வக்கீலிடம் என்ன சரளமாகப் பேசுகிறாள், மச்சான்! என்னிடம் ஒரு வாரம் பேசுவதை அவரிடம் ஒரே மூச்சில் பேசுகிறாள். "தண்ணி குடிச்சுக்கங்கம்மா" என்கிறார். குடிக்கும் சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. செத்துப்போன பெண்டாட்டி தண்ணீர் குடித்ததற்கு ஒருவனுக்கு வயிறு எரியுமா? எரிந்தது.

கடைசியில் வக்கீல் கேட்கிறார், இதை வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா என்று. அதற்கு அவள்: "வீட்டுக்காரர்கிட்ட சொல்லல சார். அவருக்குப் பொய்யே வராது. பால் பொங்கி வழிஞ்சாக்கூட திருதிருன்னு முழிப்பாரு." அறையே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். அப்புறம் குரல் இறங்குகிறது. "தெரிஞ்சா, வம்பு வேணாம், பேசாம இருன்னு சொல்லுவாரு. அவர் சொல்லிட்டா நான் கேட்டுடுவேன் சார். அவர் பேச்சை மட்டும் என்னால தட்ட முடியாது."

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருப்பாளா? முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த இடத்தை வெட்டச் சொல்லி எழுதிவிட்டேன். அது எனக்கு வேண்டும், எனக்கு மட்டும். குமாஸ்தா தயங்கினார். "வெட்டினா அங்க கீன்னு ஒரு சத்தம் வரும் சார். அமைச்சர் ஆளுங்க அதையே பிடிச்சுக்குவாங்க" என்றார். பத்திரிகைக்கார அண்ணன் நீங்கள் சொல்லிக்கொடுத்து, புருஷன் நான் உருப்போட வைத்து அவள் ஒப்பித்தாள் என்றுதானே அவர்கள் கட்சி. அதற்கு அவள் வாயால் வந்த பதில் அந்த இடம்தான். பாலத்தோடு போனவர்களின் வீடுகளிலும் என்னைப் போல "சரி" மட்டும் சொல்லிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எழுதியதை அடித்துவிட்டு, அப்படியே விடுங்கள் என்று சொல்லி வந்துவிட்டேன்.

இன்று ஆறு மணிக்கு வெளியிடுகிறார்கள். நாளைக்குப் பக்கத்து லிஃப்டில் ஏறுகிறவர்கள் அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். மேலே ஒருத்தன் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் கேட்கும்.

உங்கள் வெற்றியைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று. அத்தையும் அந்தப் பதிவைக் கேட்பார்கள். என் பேச்சைத் தட்ட முடியாது என்கிற அந்தக் கடைசி வரி வரும்போது, "இதை மாப்பிள்ளைகிட்ட தினம் சொல்லுவாளாம், அம்மா" என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். எனக்குத்தான் பொய் வராது. உங்களுக்கு வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தையைத் தனியாக விடாதீர்கள். என்னைக் கூப்பிட வேண்டாம், போனை அணைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை