ரைட் என்றால் வலப்பக்கம் இல்லை

அய்யா, இன்று காலை சின்னமனூரில் நான் ஏறிய பேருந்தில் கண்டக்டர் விசில் ஊதி, "போலாம் ரைட்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரிடம் உங்களைப் பற்றி எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

பக்கவாதத்தில் விழுந்த உங்களைப் பார்த்துக்கொள்ள நான் வந்தபோது, வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சிலும் இரண்டே வார்த்தைகள்தான் மிஞ்சியிருந்தன. விரிப்பை மாற்றக் குனிந்தேன். "ரைட்" என்றீர்கள். பயிற்சி முடித்துவந்த கெட்டிக்காரி அல்லவா, வலப்பக்கமாகப் புரட்டினேன். "ஹோல்டான்" என்று வீடே அதிரக் கத்தினீர்கள். பிறகு மறுபடி "ரைட்". நானும் மறுபடி புரட்டினேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த உங்கள் வீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏ ஆத்தா, அவுக மேகமலை பஸ்ல கண்டக்டரா இருந்தவுக. ரைட்டுன்னா கெளம்புன்னு அர்த்தம். எந்திரிக்கணுங்கிறாக."

எழுந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். இடது கையால் வாசல் கேட்டைக் காட்டினீர்கள்.

"வீட்டுக்கு வந்தவுகள வாசல் வரைக்கும் போயி வழியனுப்பாம இவுக இருந்ததே இல்ல. அது முடியலேன்னுதான் புழுங்குறாக" என்றார் அம்மா.

நடப்பது சந்தேகம்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாம் அதைக் கேட்கவில்லை. நீங்கள் "ரைட்" என்றால் எழுந்தோம், "ஹோல்டான்" என்றால் நின்றோம். சில நாள் கோபத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவீர்கள். நான் ஒன்றும் பொறுமைசாலி இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னய்யா, பஸ்ஸு பஞ்சரா?" என்று கேட்டால் கோணிய வாயோடு சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாள் சீக்கிரம் கிளம்பி வருவேன்.

ஒரு சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்யா" என்றேன். "ஹோல்டான்" என்றீர்கள். வாக்கரைப் பிடித்து எழுந்தீர்கள். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். சட்டையெல்லாம் வியர்வை. என்னை வெளியே போகச் சொல்லித் தலையசைத்துவிட்டு, கேட் இரும்பில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்றீர்கள். தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே சிரித்தேன்.

நீங்கள் போனபின் இப்போது ஒரு டீச்சரம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாள் அவரைத் தூக்கும்போது என் வாயில் தானாக "ரைட்" வந்தது. பாவம், அவர் வலப்பக்கம் திரும்பினார். "ஹோல்டான்" என்றேன்.

வேலை முடிந்து கேட்டைச் சாத்தும்போது, இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன், அய்யா. நீங்கள் வழியனுப்பாமல் எனக்குக் கால் நகருவதில்லை.