மீன ராசிக்குக் கரண்டு வேலை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சுகமா? உன் இருமல் நின்றதா?

எனக்கு ஜாதகம் பார்த்த அன்று வீட்டில் இருந்தவர்கள் என் அப்பா, அம்மா, அண்ணன், ஜோசியர், ஐந்தாம் வகுப்புப் புத்தகப் பையோடு நான். ஜோசியர், "சிம்மம், நெருப்பு ராசி" என்று மட்டும்தான் சொன்னார். அண்ணன் உடனே, "அப்ப இவளுக்கு அடுப்படிதான். டீச்சர் வேலையெல்லாம் எதுக்கு?" என்று பையைப் பிடுங்கிப் பரணில் போட்டான்.

அந்த நெருப்பு ராசிக்காரிதான் இங்கே, பிழைக்க வந்த ஊரில், சலவைக்கூடத்தில் பதினொரு வருஷமாகத் தண்ணீரில் நிற்கிறேன். போன வாரம் சோப்பு நுரையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவள், "என்ன பாட்டி, நீச்சலா?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். முழங்காலில் லேசான வீக்கம்தான். சுற்றிக் கட்ட ஒரு பழைய நூல் சேலை அனுப்பு. மருமகள் உடுத்தியதாக இருக்கட்டும், வீட்டு வாசனை போய்விடாமல், துவைக்காமல் அனுப்பு.

பேத்தி எலெக்ட்ரீஷியன் படிக்கக் கேட்டாளாம். "மீனம் நீர் ராசி, கரண்டு ஆகாது" என்று நீ விண்ணப்பத்தை வாங்கிப் பூட்டி வைத்தாயாம். இன்றே அவள் கையில் கொடுத்துவிடு, ராசா.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. ஜோசியரை எப்போதோ மன்னித்துவிட்டேன். நீ என் பிள்ளை, உன்மேல் எனக்குக் கோபம் நிற்காது. பையைப் பிடுங்கிய உன் மாமனை, என் கூடப்பிறந்தவனை மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.