தவளைக்குப் போட்ட கட்டு

ஆடி 12, செவ்வாய்

கோழி கொத்தி என் தவளையின் பின்னங்கால் முறிந்துவிட்டது. இந்த மலையில் எலும்பு முறிந்தவர்களுக்கெல்லாம் கட்டுப் போடும் அப்பா, ஆட்டுக்குக் கட்டுவதுபோல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, உடம்பெல்லாம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசினார். அது துவண்டுபோனது.

“எண்ணெய் வேண்டாமுங்கப்பா. அது தோலாலயும் மூச்சு விடுமுங்க.”

“அப்ப மூக்கு எதுக்காம் சாமி?” என்று சிரித்தார்.

“தவளைக்கு வைத்தியம் பாக்கத்தான் காலேசுக்குப் போனாளாட்ட இருக்குதுங்க,” என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

வேறொரு நாளாயிருந்தால் பேசாமல் உள்ளே போயிருப்பேன். இன்று கட்டை அவிழ்த்தேன். எண்ணெய் போக ஓடைத் தண்ணீரில் கழுவி, ஈரப்பாசி போட்ட சட்டியில் விட்டேன்.

அப்பா போட்ட கட்டை இந்த மலையில் யாரும் அவிழ்த்ததில்லை. அவர் சாப்பிடும்போதும் என்னைப் பார்க்கவில்லை.

கால் கோணலாகக் கூடினாலும் பரவாயில்லை, உயிர் இருக்க வேண்டும். காலையில் அவர் மறுபடி பத்தையும் எண்ணெயுமாக வந்தால் சட்டியைக் கொடுக்க மாட்டேன்.