சமையலறை நாற்காலியின் சாய்வு

கான்டூ,
14 மார்ச் 1956

அன்புள்ள நுன்சியாட்டாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலியும் பிள்ளைகளின் இருமலும் குறைந்தனவா?

பயப்பட ஒன்றுமில்லை. மிலானிலிருந்து வந்து எங்கள் பட்டறைக்கு நாற்காலி வரைந்து தரும் ஆர்க்கிடெக்ட் பெல்லாவிதா நம் வீட்டைத் தேடி ஆள் அனுப்புவாரோ என்றுதான் எனக்குச் சந்தேகம். விளக்கு, தட்டச்சு இயந்திரம் எல்லாம் வடிவமைத்துப் பெயரெடுத்தவர். அவருடைய புது நாற்காலி என் முதுகைக் குத்தியது. தெரிந்தால் வேலை போகும் என்றுகூட யோசிக்காமல் சாய்வை மாற்றிச் செதுக்கிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு மூளை!

வெள்ளிக்கிழமை அவர் அதில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை.

"கோசிமோ, இந்தச் சாய்வ எங்கய்யா பிடிச்ச?"

"கை தவறிப்போச்சு, ஆர்க்கிடெக்ட்."

"அப்ப நூறு நாற்காலிக்கும் இதே மாதிரி தவறட்டும்!"

வரைபடத்தைத் திருத்தித் தன் கையெழுத்தைப் போட்டார். வேலை தப்பியது. ஆனால் அன்றுமுதல், "உங்க வீட்ல என்ன நாற்காலிய்யா?" என்று துருவுகிறார். நம் ஊர்ப் பெயரையும் குறித்துக்கொண்டார்.

அது நம் சமையலறை நாற்காலியின் சாய்வுதான். மிலானிலிருந்து யாராவது வந்தால் அதன்மேல் மாவுமூட்டையை வைத்து மறைத்துவிடு. அதற்குமுன் அளந்து எழுது. நினைவிலிருந்து செதுக்கியதில் எங்கோ பிசகியிருக்கிறது. உட்கார்ந்தால் ஏதோ குறைகிறது. எதிரே நீ அவரைக்காய் உரிக்காததாலோ என்னவோ.

பட்டறைச் சங்கு ஊதுகிறது.

உன் கோசிமோ