ஸ்கூட்டர் ஓட்டும்போது கும்பிடுவது

செவ்வாய், இரவு

டீயில் சர்க்கரையைக் கலக்காதீர்கள், அவரவரே போட்டுக்கொள்ளட்டும் என்று சொன்னதற்கே இந்த வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இன்று அதைவிடப் பெரிய குற்றம் செய்துவிட்டேன்.

காலையில் ரேணிகுண்டாவிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். திருமலை கண்ணில் பட்டதும் வழக்கம்போல இவர் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் லாரி. கத்திவிட்டேன்.

"கும்பிடணும்னா ஓரமா நிறுத்திட்டுக் கும்பிடுங்க!"

"இருபது வருஷமா இப்டித்தான் ஓட்டிக்கினு கீறேன். சாமி பாத்துக்கும்."

"சாமிதான் பிரேக்கும் பிடிக்கணுமா?" என்றேன். அது தப்பாம். வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அத்தை பகல் முழுக்க என்னிடம் பேசவில்லை.

சாயங்காலம் எங்கள் ஆறு வயது மகள் தெருமுனையில் சைக்கிளோடு விழுந்தாள். முட்டியில் ரத்தம். இவர்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"கைய ஏன்டீ விட்ட? பாத்து ஓட்டமாட்டியா?"

"புள்ளையார் கோயில் வந்துச்சி நைனா. உன்ன மாதிரியே கும்புட்டேன்."

நான் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தைக்குத்தான் பெருமை தாங்கவில்லை. "இந்த வயசுலயே எவ்ளோ பக்தி பாரு!" என்று திருஷ்டி வேறு சுற்றிப் போட்டார். இவர்களிடம் என்னத்தைச் சொல்ல?

இவர் தூங்கிவிட்டார். ஸ்கூட்டர் சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாளையிலிருந்து நான்தான் ஓட்டப்போகிறேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிடட்டும்.