பின்கதவுப் பந்து

மார்ச் 3, செவ்வாய்

காப்பிப்பொடி டப்பாவின் மூடி தொட்டதுமே திறந்துகொண்டது. சர்க்கரை டப்பாவும் அப்படியே. போன மாதம் இதே மூடிகளோடு பல்லைக் கடித்துக்கொண்டு மல்லுக்கட்டியவள் நான். ஆக, ஆள்காட்டி விரல் தேறி வருகிறது! சந்தோஷத்தில் ஒரு கரண்டி சர்க்கரை கூடவே போட்டுக்கொண்டேன். சர்க்கரையில் எறும்பு.

"மூடியை ஒழுங்கா மூட மாட்டீங்களா? ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றீங்க, இத்தனை எறும்பு உங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்று வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "மறந்துட்டேன் மேடம்" என்றார். சண்டைக்கு வராத மனிதரை என்ன செய்வது?

பிறகு மொட்டைமாடியில் சுவரைப் பார்த்து ஒரு கூடை நிறையக் கிரிக்கெட் பந்துகளை வீசினேன். இரண்டோ மூன்றோ தரையில் பட்டுத் திரும்பின. மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள் மாதிரி நேராகப் போய்ச் சுவரில் முட்டின. விரல் கணு விண்விண் என்று தெறிக்கிறது.

டப்பா திறக்கிறது. பந்து திரும்பவில்லை. இந்த விரலுக்கு என்னதான் வேண்டுமாம்?

மார்ச் 5, வியாழன்

தேர்வுக்குழுத் தலைவர் போன் செய்தார். குரலில் அவ்வளவு தேன் இருந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இந்த மூணு மேட்ச்சையும் உங்களுக்கு ஒரு மரியாதைன்னு வெச்சுக்குங்கம்மா. நாலு விக்கெட் கிடைச்சா ரொம்ப சந்தோஷம். கிடைக்கலைன்னா... சின்னப் பொண்ணுங்களுக்கும் வழி விடணும்ல?"

வழியை நான் மறித்துக்கொண்டா நிற்கிறேன், தாண்டிப் போகச் சொல்லுங்கள் என்று சொல்ல வாய் துடித்தது. வெளியே வந்தது "சரிங்க சார்".

நாலு விக்கெட். எடுத்தால் ஒருநாள் ஆட்டத்தில் உலகத்தில் எந்தப் பெண்ணும் எடுக்காத எண்ணிக்கை என்னுடையது. எடுக்காவிட்டால், "கிட்டத்தட்ட எடுத்துட்டாங்க இல்ல?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது விசாரிப்பார்கள். வயிற்றெரிச்சல்.

மார்ச் 6, வெள்ளி

அணியோடு சேர்ந்தாயிற்று. ஹோட்டல் அறையில் எல்லாருக்கும் உடல்தகுதிச் சோதனை. இது ஒன்றுதான் எனக்குப் பயம். விரல் விஷயம் தெரிந்தால் முதல் ஆட்டத்துக்கே நான் கிடையாது. பிசியோ அம்மா போனில் யாரையோ திட்டிக்கொண்டே "கையைக் குடுங்க" என்று கையை நீட்டினார். இடது கையைக் கொடுத்தேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "இரும்பு மாதிரி இருக்கு" என்றார்.

இருக்காதா பின்னே. அதற்கு இருபது வருடமாக வேலையே இல்லையே.

மார்ச் 8, ஞாயிறு

முதல் ஆட்டம். மொத்தமாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

என் பந்து தரையில் பட்டதும் வலக்கை ஆட்டக்காரியின் பக்கமாக உள்ளே திரும்பும். அதுதான் என் பிழைப்பு. இன்று ஒன்றுகூடத் திரும்பவில்லை. நெட்டைக்காரி வந்து நின்றாள். எதிரணியின் முதல் ஆட்டக்காரி, என் வயதுக்காரி, என்னை அடித்தே வீடு கட்டியவள். வீட்டுக்கு மாடியும் எடுக்கிற மாதிரி அடித்தாள்.

அவளை வேறொருத்தி அவுட்டாக்கிய பிறகு ஒரு புதுப் பெண் வந்தாள். என் பந்தையெல்லாம் வீடியோவில் பார்த்துப் படித்துவிட்டு வந்திருப்பாள் போல. உள்ளே திரும்பும் என்று எதிர்பார்த்து மட்டையை உள்பக்கமாகக் கொண்டுபோனாள். பந்துக்குத் திரும்பத் தெம்பில்லை. நேராகப் போய் வெளி ஸ்டம்பைத் தட்டியது. அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். எனக்கும் அதே திகைப்புதான். ஆனால் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இதெல்லாம் சகஜம் என்பது போல நின்றேன்.

ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் ஒரு தாடிக்காரர்: "அந்தப் பந்து திரும்பவே இல்லையே, கவனிச்சேன்..."

போச்சு. மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் என் வாய் பாட்டுக்குச் சொல்கிறது: "ஆமா. அது புதுசு."

"புதுப் பந்தா? பேரு?"

அந்த நேரம் பார்த்து அறையின் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் டீத் தட்டோடு வந்தார்.

"பின்கதவு," என்றேன்.

மார்ச் 9, திங்கள்

பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். படத்தோடு.

மார்ச் 10, செவ்வாய்

அணியில் எங்கள் பந்துகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து ஆராய்ச்சி செய்கிற ஒருவர் உண்டு. லேப்டாப்காரர் என்போம். காலைச் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"கண்டுபிடிச்சுட்டேன் மேடம். பந்தை விடும்போது உங்க மணிக்கட்டு இத்தனூண்டு சாயுது. பாருங்க, பாருங்க."

பார்த்தேன். சாய்ந்தது உண்மைதான். வலி பொறுக்காமல் சாய்ந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றேன், ரகசியக் குரலில். அவர் உருகிப்போனார். என் பந்தைப் பற்றி எனக்கே அரைமணி நேரம் பாடம் எடுத்தார். போன உலகக் கோப்பையிலேயே மூன்று முறை அதை வீசியிருக்கிறேனாம்! தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் ஆட்டக்காரர் ஒரு படி மேலே போய், எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவரையே தெரியும் என்கிறார். எனக்கும் அறிமுகப்படுத்தி வைத்தால் நன்றாக இருக்கும்.

மாலையில் கேப்டன் வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கையில் மைதானத்தின் படம்.

"அக்கா, பின்கதவுக்கு ஸ்லிப் வேணுமா, வேண்டாமா?"

இல்லாத பந்துக்கு ஆள் நிறுத்த வேண்டும். மோவாயைத் தடவி யோசித்தேன்.

"ஒரு ஆள் போதும்மா. ஆனா கை நல்லா இருக்கற ஆளா நிறுத்து."

"அப்ப நானே நிக்கறேங்கா," என்றாள். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று எழுதப்போவதில்லை.

மார்ச் 12, வியாழன்

இரண்டாவது ஆட்டம். இரண்டு விக்கெட்! அன்றைக்கு எடுத்த ஒன்றோடு சேர்த்துப் பழைய சாதனையைத் தொட்டுவிட்டேன். இன்னும் ஒன்று.

முதல் விக்கெட், மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் கேப்டன் கையில். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்ன அதே இடம்கா!" என்கிறாள். இரண்டாவதுதான் இன்னும் பிரமாதம். அந்தப் பெண் பின்கதவு எப்போது வரும், எப்போது வரும் என்று பயந்து பின்னால் பின்னால் போய்த் தன் ஸ்டம்பைத் தானே மட்டையால் தட்டிவிட்டாள். பின்கதவைப் போய்த் தானே திறந்துவிட்ட மாதிரி.

ஆனால் நெட்டைக்காரி ஏமாறவில்லை. என் முனையில், நான் பந்து போட ஓடிவருகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றவள், என் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவர் முடிந்ததும் காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"விரல் எப்படி இருக்கு?"

"எந்த விரல்?"

"சரி, விடு. என் முட்டிக்கும் அதே வயசுதான்."

ஊரே நம்பியாயிற்று, இவள் ஒருத்திதான் நம்பவில்லை. கடைசி ஆட்டத்திலும் எதிரே நிற்கப்போவது இவள்தான்.

மார்ச் 13, வெள்ளி

நடுவில் இரண்டு நாள் விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். அவர் கடையில். ஒரு காப்பி போடலாம் என்று சமையலறைக்குப் போனால் காப்பிப்பொடி மூடி டப்பாமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. திருகவே இல்லை. சர்க்கரை மூடியும் அப்படியே. எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. உப்பு, மிளகு, தேன் பாட்டில் எல்லாம் அப்படித்தான். குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். தலைக்கு வைக்கிற எண்ணெய், பற்பசை. அலமாரியில் என் தைல பாட்டில்கூட.

ஒரு மூடியும் இறுக்கமாக இல்லை.

மறதி இப்படி வீடு முழுக்க ஒழுங்காகச் சுற்றி வருமா? அடிப்பாவி, விரல் தேறிடுச்சுன்னு குதிச்சியே! தேறல. ஒண்ணும் தேறல. அவர் எல்லாத்தையும் லூஸ் பண்ணி வெச்சிருக்கார். எப்பலேர்ந்து? எறும்புக்குத் திட்டினப்பகூட மறந்துட்டேன்னுதானே சொன்னார் மனுஷன்.

ராத்திரிச் சாப்பாட்டில் வாழ்த்துச் சொன்னார். பின்கதவு பற்றிக் கடைக்கு வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்களாம். "எனக்கு மட்டும் சொல்லேன், அது எப்படிப் போடறது?"

"தொழில் ரகசியம்," என்றேன்.

"சரிதான். எங்களுக்கும் இருக்கு," என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எறும்பு விழுந்த தேனை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மார்ச் 14, சனி

இது ஏமாற்று வேலையா? காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுழற்பந்து போடுகிறவளின் சம்பளமே எதிரே நிற்பவளை ஏமாற்றுவதற்குத்தான். அது சரி. கேப்டனையும் லேப்டாப்காரரையும் ஏமாற்றுவதற்கு யார் சம்பளம் தந்தார்கள்?

மொட்டைமாடிக்குப் போய் ஒரே ஒரு பந்து போட்டேன். முழு விரலையும் கொடுத்து, கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி முறுக்கி. திரும்பியது. சின்ன வயதில் திரும்பியது போலவே. அப்புறம் கையை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலில் அப்படி ஒரு பந்து இருக்கிறது. இரண்டு இருக்குமா தெரியாது.

மார்ச் 16, திங்கள்

மூன்றாவது ஆட்டம். நெட்டைக்காரி என் விரல் விஷயத்தைத் தன் அணி முழுக்கச் சொல்லிவிட்டிருக்கிறாள். வந்தவளெல்லாம் என்னைக் கண்டு பயப்படவில்லை, உள்ளே திரும்பும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. நேராக வரும் பந்தை நேராக ஆடினார்கள். அவ்வளவுதான் என் பின்கதவு. அரங்கம் முழுக்க ஒவ்வொரு பந்துக்கும் "பின்கதவு! பின்கதவு!" என்று கத்துகிறது, நான் வெறும் நேர்ப்பந்து போட்டு ஓட்டம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

என் கடைசி ஓவர். எதிரே நெட்டைக்காரி. முதல் பந்து நேராக, நேராகவே தடுத்தாள். இரண்டாவதும். மூன்றாவதும். நாலாவதை என் தலைக்கு மேலே அடித்துவிட்டுச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. அடுத்த பந்துக்குப் போகும்போது கேப்டன் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, பின்கதவா?"

"இல்லம்மா. முன்கதவு."

"அது வேற இருக்கா?" என்றாள் பாவம்.

போட்டேன். விரல் பிய்ந்து பந்தோடு போய்விட்டதென்றே நினைத்தேன். நேராக வரும் என்று நெட்டைக்காரி மட்டையை நீட்டினாள். பந்து தரையில் பட்டு உள்ளே திரும்பி, மட்டைக்கும் காலுக்கும் நடுவே சாவகாசமாக நுழைந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. பன்னிரண்டு வயதில் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பந்து. வேறொன்றும் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் சத்தம். யார் யாரோ தூக்கினார்கள். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வரிசையில் நெட்டைக்காரி என் முன்னால் வந்தபோது நீட்டியது இடது கை. நானும் இடது கையைக் கொடுத்தேன்.

"அது பழசுதானே?" என்றாள்.

"பழசுதான்."

"நினைச்சேன். அது ஒண்ணு இருக்கறதையே மறந்துட்டேன்," என்று முட்டியைத் தடவிக்கொண்டே போனாள்.

பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், கடைசியில் போட்டது பின்கதவா என்று. மனசாட்சி உறுத்தியது. பின்கதவு என்று ஒன்று கிடையவே கிடையாது, என் விரல் போய்விட்டது, அதனால்தான் பந்து திரும்பவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் சொல்ல மாட்டீங்க!"

மார்ச் 17, செவ்வாய்

கேப்டனையும் லேப்டாப்காரரையும் தனியே கூப்பிட்டும் சொல்லிப் பார்த்தேன். கேப்டன், "போங்கக்கா" என்றாள். லேப்டாப்காரர் கண்ணடித்தார். நேற்றுப் போட்டது பின்கதவின் இரண்டாம் வகையாம்.

மார்ச் 19, வியாழன்

தேர்வுக்குழுத் தலைவர். இந்த முறை தேனோடு பாலும் கலந்திருந்தது.

"உலகக் கோப்பை வரைக்கும் நீங்க இருந்தே ஆகணும்மா. அந்தப் பந்து நம்ம நாட்டுச் சொத்து."

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? இன்னும் ஒரு வருடம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னாலே நம்பாதவர்கள், பொய்யை எங்கே சந்தேகப்படப் போகிறார்கள். அந்த ஒரு வருடமும் வீட்டில் எறும்பு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருக்கும். அவர் காலையில் எனக்கு முன்னால் எழுந்து ஒவ்வொரு மூடியாகத் தளர்த்திக்கொண்டிருப்பார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். "சின்னப் பொண்ணுங்களுக்கும் வழி விடணும்ல சார்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அந்த அமைதியை ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விலகிவிட்டேன் என்று மட்டும் இல்லை, விரல் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று.

"டாக்டர்கிட்ட நாளைக்கே போலாம்," என்றார்.

"ரொம்ப நாளா சொல்ல நினைச்சீங்களோ?"

"நீ கேக்கலையே மேடம்."

மார்ச் 28, சனி

சர்க்கரையில் எறும்பு இல்லை.

காப்பிப்பொடி டப்பாவை எடுத்தேன். மூடி இறுக்கம். சர்க்கரை, தேன் எல்லாம் இறுக்கம். ஒரு தடவை முயன்று பார்த்தேன். விரல் வேண்டாம் என்றது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாங்கினார். திருகினார். திறக்கவில்லை. துண்டைச் சுற்றித் திருகினார். முகம் சிவந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, காலை அகட்டி நின்று திருகினார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"யாருங்க இவ்வளவு இறுக்கினது?"

"நேத்து... ஒரு வேகத்துல..." என்றார்.

கடைசியில் அவர் டப்பாவைப் பிடித்துக்கொள்ள, நான் இடது கையால் கரண்டிக் காம்பை மூடியின் அடியில் விட்டு நெம்பினேன். டப் என்று திறந்தது. பொடி பாதி அவர் சட்டையில். மீதியில் இரண்டு காப்பி போட்டேன்.