சர்வேயர் வரும்வரை தொடக் கூடாது

பிப்ரவரி 11

இன்றும் சர்வேயர் வரவில்லை.

முன்னறையைப் பெருக்கினேன், சுவரோரத்தை மட்டும் விட்டுவிட்டு. விழுந்த செங்கல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. "எதையும் தொட்டுடாதீங்கம்மா, எங்க சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் அப்படியே இருக்கணும்" என்று இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண் போனில் சொன்னாள். சரி என்றேன். நான் சரி என்றால் சரிதான்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. என் வீட்டுக்காரர் முன்னறைச் சுவரோரம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். வளைவில் திரும்ப வேண்டிய கார் திரும்பாமல், எங்கள் சுவரை இடித்துக்கொண்டு மூக்கை உள்ளே நீட்டியது. பாதிச் சுவர் அவர் தொடைமேல். வேலைக்காலம் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த கால். இப்போது கட்டிலில் கட்டுப்போட்டுக் கிடக்கிறது.

காரை ஓட்டியவன் கீறல்கூட இல்லாமல் இறங்கி, முதலில் தன் கார் விளக்கைத் தடவிப் பார்த்தான். அதை நான் பார்த்தேன். அவனுக்கு நான் வைத்த பெயர் வேகக்காரன். சொந்தப் பெயரை எழுதி இந்த நோட்டை அழுக்காக்க மாட்டேன்.

பிப்ரவரி 13

டாக்டர் சொல்கிறார்: எலும்பு நேராகக் கூடவில்லை, இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் காலை ஊன்ற முடியும். செலவு நம் சக்திக்கு மேல். அவனுடைய இன்சூரன்ஸ்தான் கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். ஏன்? நாயாம்! குறுக்கே நாய் வந்ததாம், தவிர்க்க முடியாத விபத்தாம்.

எங்கள் தெருவில் இருப்பது ஒரே ஒரு நாய். மாடி வீட்டுக்காரருடையது. கிழடு. சோறு வைத்தால்கூட யோசித்துத்தான் எழுந்திருக்கும். அதுவா காருக்குக் குறுக்கே பாய்ந்தது?

பிப்ரவரி 20

வேகக்காரன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் ஆப்பிள் பை.

"அம்மா, சின்ன நாய்க்குட்டிம்மா. அதைக் காப்பாத்தப் போய்த்தான்…"

"என்ன நிறம்?"

"கறுப்பு."

"ஸ்டேஷன்ல செவலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே. வழியில சாயம் போயிடுச்சா?"

மாமனார் குறுக்கே வந்தார். "பெரியவங்க நீங்க, பெரிய மனசு பண்ணணும். நாய்னு ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. எங்களால முடிஞ்சதைக் கையில குடுத்துடுறோம்."

"பெரிய மனசை நீங்களே வெச்சுக்குங்க. வேகமா வந்தேன்னு உங்க மாப்பிள்ளையை ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அது போதும்."

எழுந்து போய்விட்டார்கள். போகும்போது கட்டிலிலிருந்து இவர் கேட்கிறார்: "இவளே, வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தியா?"

தண்ணியாம்.

மார்ச் 2

ராத்திரி மழை. முன்னறையில் குளம். தார்ப்பாய் வாங்கி, ஓரம் மடித்துத் தைத்து, வளையம் கோத்து ஓட்டைக்குத் திரை போட்டேன். தையல் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்து நானே கற்றது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், இன்சூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்தையும் அதே மாதிரிதான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சுவரைத் தொடவில்லை. வெளியே பக்கத்து அறைச் சன்னல் கம்பிக்கும் வாசல் தூணுக்கும் கயிறு கட்டித்தான் தொங்கவிட்டேன். யாரும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 5

போன் செய்தேன். "அடுத்த வாரம் வருவார்மா." எந்த வாரத்துக்கு அடுத்த வாரம்?

மார்ச் 9

விடிந்ததும் இவர் கைத்தடியால் திரையை ஒதுக்கிவிடுகிறார். கட்டிலையும் ஓட்டைக்கு நேராக இழுத்துப் போடச் சொன்னார். தெருவில் போகிற ஒருவரை விடுவதில்லை. பேப்பர் ஓட்டை வழியாக வருகிறது. காய்காரம்மா கீரையை ஓட்டை வழியாக நீட்டுகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்ற வரும் பள்ளி வேன் டிரைவர், பிள்ளைகள் செருப்பு மாட்டுகிறவரைக்கும் ஓட்டையில் சாய்ந்துகொண்டு இவரோடு பழைய பஸ் ரூட் கதை பேசுகிறார். டீ வேறு நான் போட வேண்டும்.

வீடா இது, சத்திரமா?

மார்ச் 16

மகள் போன். "உங்க வீம்புக்கு அப்பாவை ஓட்டைச் சுவத்தோரம் படுக்க வெச்சிருக்கீங்கம்மா. அடைச்சுத் தொலைங்க."

"வீம்பில்லடி. அது சாட்சி. அடைச்சா, சுவரே இடியலைன்னு சொல்லிடுவான்."

"சாட்சிக்குக் கொசு வராதா?"

போனை வைத்துவிட்டேன். கொசு வருகிறதுதான்.

ஏப்ரல் 4

வந்தார். அந்த மகாராஜன், சர்வேயர், கடைசியில் வந்தார்.

நான் தைத்த தலையணை உறையை மாடி வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. உள்ளே நுழைகிறேன், கேட்கிறது:

"நல்லா காத்து வருதே சார்."

"ஆமா சார். முன்னாடி இந்த ரூம் ஒரே இருட்டு. இப்ப எவ்வளவோ தேவலை."

அப்படியே நின்றுவிட்டேன். இடிந்த விளிம்பில் ஒரு பூந்தொட்டி. யாரைக் கொண்டு எப்போது வைத்தார்? ஆணியில் ரேடியோ. வெளியே வந்து போகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். சர்வேயர் படம் எடுக்கிறார் — தொட்டியோடு சேர்த்து! குறிப்பில் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். "சுவரில் உள்ள திறப்பு பயன்பாட்டில் உள்ளது. குடியிருப்போருக்கு அசௌகரியம் இல்லை."

அசௌகரியம் இல்லை.

அவர் போனதும் கத்தினேன். இத்தனை நாளா ஒரு செங்கல்லைத் தொடாம காவல் காத்தேனே, ஒரு வாய் வார்த்தையில ஊத்தி மூடிட்டீங்களே! காத்து வருதாம் காத்து! உங்களுக்கு என்ன, ஆபரேஷனுக்கு யாரு அலையுறது?

"இருக்கிறதைத்தானே சொன்னேன்" என்கிறார்.

ஏப்ரல் 5

பேசவில்லை.

ஏப்ரல் 6

பேசவில்லை. டீ மட்டும் வைத்தேன். ஓட்டைக்காரர்களுக்கும் சேர்த்து.

ஏப்ரல் 8

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் வேன் டிரைவர் குரல்: "சர்வேயர் என்ன சார் சொன்னாரு?" இவர்: "நாய் நாய்ங்கிறாங்க." வேன் டிரைவர் சிரிக்கிறார்: "நாயாவது நரியாவது. அன்னிக்கு என் வண்டியை முந்திக்கிட்டுல்ல பறந்தான். உள்ள புள்ளைங்க இருக்கேன்னுகூடப் பாக்கலை. உங்ககிட்டதான் சொன்னேனே சார்."

மெஷினை நிறுத்தினேன்.

சொன்னேனே என்றால்?

வேன் போனதும் கேட்டேன். போன மாதமே சொல்லியிருக்கிறார். இவர் என்னிடம் மூச்சு விடவில்லை!

"உன்கிட்ட சொன்னா அவரை ஸ்டேஷன், ஆபீஸ்னு இழுப்பே. பாவம், தினக்கூலி. ஒரு நாள் வண்டி எடுக்கலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"கால் யாருதுங்க? அவருதா, உங்களுதா?"

"என்னுதுதான். அதனாலதான் நான் முடிவு பண்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு எதிராக இவர் இப்படி நின்றதே இல்லை. நின்றார் என்று எழுதிவிட்டேன், படுத்துக்கொண்டுதான் சொன்னார். நானே நாளைக்கு அந்த டிரைவரிடம் கேட்கப் போகிறேன் என்றேன். "கேட்டா நான் ஆபரேஷனுக்கே வர மாட்டேன்" என்றார். வீம்பு என்னுடையது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

ஏப்ரல் 9

வேன் வந்தது. டீ கொடுத்தேன். கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டதில் புண்.

ஏப்ரல் 21

இவர் இன்று யாருக்கும் தெரியாமல் எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார். ஓட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. அப்போதுதான் வேன் வந்து நின்றதாம், கையாட்ட வேண்டுமாம். கால் மடங்கிக் கீழே சரிந்தார். நான் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் வேன் டிரைவர் ஓட்டை வழியாகத் தாண்டிக் குதித்து இவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டார். தொட்டி உடைந்தது. வேறு ஒன்றும் இல்லை.

போகும்போது வாசலில் நின்றார். வாசல் வழியாக அவர் போவது இதுதான் முதல் தடவை.

"ஏம்மா, அந்த நாய்க் கதைக்கு நான் எங்க வந்து சொல்லணும்?"

"நான் கேக்கலைப்பா. சார் கேக்கக் கூடாதுன்னுட்டாரு."

"தெரியும். அவருகிட்ட சொல்லாதீங்க. சனிக்கிழமை ஸ்கூல் கிடையாது."

மே 3

இரண்டு சனிக்கிழமைகள் இதிலேயே போயின. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், இன்சூரன்ஸ் ஆபீசிலும் சொன்னார். வேன் வேலை போகவில்லை. இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்னிடம் ஒரு நாள் பேசவில்லை. அந்த முறை யாரிடமிருந்து கற்றார் என்று தெரியும்.

மே 17

நாய் காணாமல் போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் செலவு முழுதும். சுவருக்குப் பாதிதான்: 'திறப்பு பயன்பாட்டில் உள்ளது.' அந்த வரியை எதிர்த்து எழுதப் போகிறேன்.

வேகக்காரன் ஒரு வரியும் எழுதித் தரவில்லை. அதை நான் விடவில்லை.

ஜூன் 12

ஆபரேஷன் முடிந்தது. வீட்டுக்குள் தடியோடு நடக்கலாம். தெருமுனை வரைக்கும் போவாரா என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்க்காமல், "வயசும் பாக்கணும்லம்மா" என்றார். முன்னாலேயே செய்திருந்தால்?

எழுதிவிட்டேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஜூன் 28

மேஸ்திரி வந்தார். கிடந்த செங்கல்லை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"முழுசா அடைச்சிடலாமாம்மா?"

இவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளவே இல்லை.

நாற்காலியை அன்றைக்கு இருந்த இடத்தில் போட்டு, வந்து உட்காருங்க என்றேன். தடியை ஊன்றி வந்து உட்கார்ந்தார். தையல் நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அவர் கண் வரைக்கும் பிடித்தேன்.

"சட்டைக்கு அங்கேயா அளவு எடுப்பே?"

"ஆடாம இருங்க."

மேஸ்திரியிடம் சொன்னேன். சன்னல். அடிக்கட்டை இந்த அளவுக்கு ஒரு சாண் கீழே. கட்டை அகலமாக, இரண்டு டம்ளர் வைக்கிற மாதிரி. கம்பி வேண்டாம்.

"கம்பி இல்லாமலா? திருடன் வந்துட்டா?"

"காரே வந்துட்டுப் போன வீடுப்பா."

சர்வேயருக்கு எழுதி வைத்திருந்த எதிர்ப்புக் கடிதத்தை அனுப்பாமல் டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். கிழிக்கவில்லை.